டர்பனுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? டிப்ரெஷன், ஆங்ஸைட்டி மாத்திரை இங்க எப்படி வாங்குறது

ஊர்ல இருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கோ ஜோபர்க்குக்கோ (ஜோகன்னஸ்பர்க்) வேலை மாறி வர்றவங்க வீடு, பேங்க் அக்கவுண்ட், பிள்ளைங்க ஸ்கூல்னு எல்லாத்தையும் யார்கிட்டயாவது கேட்டுக் கேட்டு முடிச்சுடுறோம். ஆனா டிப்ரெஷனுக்கோ ஆங்ஸைட்டிக்கோ மாத்திரை சாப்பிடுறவங்க அதை மட்டும் வாயைத் திறந்து கேக்குறதில்ல, பெட்டிக்கு அடியில அட்டை அட்டையா அமுக்கி வச்சுக்கிட்டு வந்து இறங்குறாங்க, அது தீரப்போற வாரத்துலதான் இங்க எப்படி வாங்குறதுன்னு யோசனையே வருது. நானும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னதைக் கேட்டு, போன்ல மியூசிக் கேட்டுக்கிட்டே காத்திருந்துதான் இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன், நீங்களாவது அலையாம இருங்க.

எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்னு நான் சொல்லப் போறதில்ல, அது டாக்டர் வேலை. என் கவலையெல்லாம் ஒண்ணுதான்: ஊர்ல வாங்கின மாத்திரை தீர்றதுக்கும் இங்க முதல் மாத்திரை கைக்கு வர்றதுக்கும் நடுவுல இடைவெளி விழக்கூடாது. கீழே சொல்ற பேப்பர், காசு, நேரம் எல்லாமே அதுக்காகத்தான்.

உயிரை விட்டுடலாம்னு இப்ப தோணுதுன்னா மேற்கொண்டு படிக்காதீங்க. மனநல உதவிக்குன்னு இங்க இருக்கிற சாடாக் அமைப்போட 0800 567 567, லைஃப்லைனோட 0861 322 322, இதுல ஏதாவது ஒண்ணுக்குப் போன் பண்ணுங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டிக்கு யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

1. கிளம்புறதுக்கு முன்னாடி ஊர் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர்

தென்னாப்பிரிக்காவுக்குள்ள சொந்த உபயோகத்துக்குன்னு ஒரு மாச மாத்திரைதான் கொண்டு வரலாம், அதுவும் டாக்டர் சீட்டோ லெட்டரோ கூட இருக்கணும். ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்கிட்டு வர்றவங்க நிறைய பேர், ஏர்போர்ட்ல மாட்டாம வந்துட்டாங்கன்றதுக்காக அது சரின்னு ஆயிடாது.

லெட்டர்ல என்ன இருக்கணும்: பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே உங்க பேரு, என்ன நோய்னு தெளிவா, எப்ப இருந்து மருந்து, இப்போ எவ்வளவு டோஸ், இதுக்கு முன்னாடி எதெது குடுத்து ஒத்துக்கலைன்றது. கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், இல்லைன்னா இங்க இருக்கிற டாக்டர் ஏற்கெனவே உங்களுக்கு வாந்தி எடுக்க வச்ச மருந்துல இருந்தே ஆரம்பிப்பார். மருந்தோட பேரை பிராண்ட் பேர்ல எழுதாம உள்ள இருக்கிற மருந்துப் பேர்ல எழுதச் சொல்லுங்க. நெக்ஸிட்டோன்னா இங்க யாருக்கும் தெரியாது, எஸ்சிட்டலோப்ராம்னா எல்லாருக்கும் தெரியும்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு. இந்தியாவுல எஸ்சிட்டலோப்ராமும் பதற்றத்தை அடக்குற க்ளோனசெபாமும் ஒரே மாத்திரையில சேர்ந்து வரும், பேருக்குப் பின்னாடி ப்ளஸ்னு போட்டிருக்கும், பல பேர் வருஷக்கணக்கா அதைச் சாப்பிடுறாங்க, உள்ள ரெண்டு மருந்து இருக்குன்னே தெரியாது. அந்த மாதிரி கலவை மாத்திரையை எதிர்பார்த்து இங்க வராதீங்க. இங்க டாக்டர் எஸ்சிட்டலோப்ராம் மட்டும் எழுதிட்டா க்ளோனசெபாம் ஒரே நாள்ல நின்னுடும். நாளாச் சாப்பிட்ட உடம்புக்கு அது ஆபத்து, தூக்கம் போகும், நடுக்கம் வரும், சில பேருக்கு வலிப்பே வரலாம். அதனால அட்டையைத் திருப்பி உள்ள என்ன இருக்குன்னு படிங்க, முடிஞ்சா கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஊர் டாக்டர்கிட்ட பேசி தனித்தனி மாத்திரையா மாத்திக்கோங்க.

தீர்ந்தா அம்மாவை கூரியர்ல அனுப்பச் சொல்லிக்கலாம்னு நினைக்காதீங்க. இந்த மருந்தெல்லாம் இங்க ஷெட்யூல் 5, அதாவது டாக்டர் சீட்டு இருந்தாத்தான் தர்ற வகை, தபால்ல தனி ஆளுக்கு வரவழைக்க அனுமதி இல்ல, கஸ்டம்ஸ்ல நின்னுடும்.

2. மெடிக்கல் எய்ட் ஃபார்ம்ல மறைக்காதீங்க

மாசச் சந்தா கட்டினா வைத்தியச் செலவைக் குடுக்கிற ஏற்பாடுதான் இங்க மெடிக்கல் எய்ட், அதை நடத்துறதை ஸ்கீம்னு சொல்வாங்க. ஆபீஸ்ல சேர்ந்ததும் ஹெச்ஆர் அதுக்கு ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க. அதுல மனநலப் பிரச்சனை உண்டா, மருந்து சாப்பிடுறீங்களான்னு கேள்வி இருக்கும். நம்ம ஆளுங்க கை தானா 'இல்லை'ல டிக் பண்ணும், ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயம். மறைச்சது பின்னாடி தெரிஞ்சா மெம்பர்ஷிப்பையே ரத்து பண்ண ஸ்கீமுக்கு உரிமை இருக்கு, அப்புறம் குழந்தை ஆபரேஷன் பில்லும் சேர்ந்து உங்க தலையில விழும். உங்க உடம்பைப் பத்தின விவரத்தை மேனேஜருக்குக் குடுக்கிற உரிமை ஸ்கீமுக்குக் கிடையாது. ஃபார்மை ஹெச்ஆர் கையில குடுக்கப் பிடிக்கலைன்னா நேரா ஸ்கீமுக்கே அனுப்ப முடியுமான்னு கேளுங்க.

சொன்னா என்ன ஆகும்? இந்த நாட்டுல இதுக்கு முன்னாடி மெடிக்கல் எய்ட் இல்லாதவங்களுக்கு ஸ்கீம் ரெண்டு விதமா காத்திருப்பு போடலாம், அதாவது சந்தா கட்டினாலும் காசு குடுக்காத காலம்: எல்லாத்துக்கும் பொதுவா 3 மாசம், சேர்றதுக்கு முந்தின 12 மாசத்துக்குள்ள வைத்தியம் பார்த்த நோய்க்கு மட்டும் 12 மாசம். ஊர்ல ஸ்டார் ஹெல்த்தோ வேற எதுவோ வச்சிருந்தது கணக்குல வராது. 35 வயசுக்கு மேல முதல் தடவையா சேர்றவங்களுக்கு மாசச் சந்தாவுலயே லேட் ஜாயினர்னு கூடுதலா ஒரு தொகை ஏத்தலாம், அது கூடவே ஒட்டிக்கிட்டு வரும்.

ஆனா கம்பெனி மொத்தமா எல்லாரையும் சேர்க்கிற குரூப் ஸ்கீம்ல வேலைக்குச் சேர்ந்த உடனே சேர்ந்தா இந்தக் காத்திருப்பை பெரும்பாலும் விட்டுடுவாங்க. அப்புறமா சேர்ந்துக்கலாம்னு தள்ளிப் போட்டா அந்தச் சலுகை போயிடும். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட "வெயிட்டிங் பீரியட் உண்டா"ன்னு ஒரு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி வைங்க, காரணம் சொல்லத் தேவையே இல்ல.

படிக்க வர்ற பசங்களுக்கு விசாவுக்கே இங்க பதிவான மெடிக்கல் ஸ்கீம் கேப்பாங்க. அதுல ரொம்ப மலிவான பிளானைத்தான் எல்லாரும் எடுக்கிறாங்க, குறிப்பிட்ட டாக்டர், குறிப்பிட்ட ஃபார்மஸின்னு கட்டுப்பாடு இருக்கும், லிஸ்டை முதல்லயே டவுன்லோட் பண்ணி வைங்க. ஹாஸ்பிட்டல் பிளான்னு ஒண்ணு இருக்கு, அது அட்மிட் ஆனாத்தான் முக்கியமா உதவும். 'ஹெல்த் இன்ஷூரன்ஸ்'னு விக்கிறது மெடிக்கல் எய்டே கிடையாது, கீழே சொல்லப் போற சட்டப் பாதுகாப்பு எதுவும் அதுக்கு வராது.

3. முதல்ல ஜிபி, சைக்யாட்ரிஸ்ட் இல்ல

ஊர்ல நேரா ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துப் பழகிட்டோம். இங்க சைக்யாட்ரிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கா ஆகும், சில சமயம் மாசக்கணக்கா இழுக்கும். ஜிபிக்கு, அதாவது குடும்ப டாக்டர் மாதிரி எல்லா நோயும் பார்க்கிற பொது டாக்டருக்கு, அதே வாரத்துல கிடைச்சுடும், டிப்ரெஷன் மாத்திரை எழுத அவருக்கு முழு உரிமையும் இருக்கு. சைக்காலஜிஸ்ட்டால மருந்து எழுத முடியாது, அவங்க பேச்சு வைத்தியம் மட்டும்தான், ரெண்டையும் குழப்பிக்கிட்டு பணத்தைக் கட்டிட்டு உக்காராதீங்க.

வந்து இறங்கின முதல் வாரத்துலயே ஜிபியைப் பாருங்க, மாத்திரை கையில இருக்கும்போதே. செலவு டர்பன்ல ஏரியாவைப் பொறுத்து 500 ராண்டைச் சுத்தி இருக்கும், உம்ஷ்லாங்கா பக்கம் கூடவே கேப்பாங்க, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கம்மி. அங்கெல்லாம் போர்டுல நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லின்னு பார்த்ததும் தமிழ்ல பேசிடலாம்னு மனசு துள்ளும். 1860ல இருந்து வந்து கரும்புத் தோட்டத்துல வேலை பார்த்தவங்களோட பேரப்பிள்ளைங்க அவங்க, கோயிலும் காவடியும் விடாம வச்சிருக்காங்க, ஆனா பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். அதனால "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "மனசே சரியில்ல" மாதிரி நம்ம சொல்றதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு வீட்டுலயே எழுதிட்டுப் போங்க. நெஞ்சு படபடப்புன்னு மட்டும் சொன்னா ஈசிஜி எடுத்து அனுப்பிடுவாங்க.

கையில கொண்டு போக வேண்டியது: பாஸ்போர்ட், மெடிக்கல் எய்ட் கார்டு, ஊர் டாக்டர் லெட்டர், மாத்திரை அட்டை, சாப்பிடுற எல்லா மருந்தோட லிஸ்ட். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டுப் போங்க. தைராய்டு குறைஞ்சாலும் டிப்ரெஷன் மாதிரியே இருக்கும், சைவம் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையறது சாதாரணம், ரிப்போர்ட் இருந்தா அந்த டெஸ்ட் காசு மிச்சம்.

ரெண்டு விஷயத்தைக் கேக்காட்டியும் நீங்களாச் சொல்லணும். ஒண்ணு, எப்பவாவது நாள்கணக்கா தூக்கமே இல்லாம, அளவுக்கு மீறின உற்சாகத்தோட, கண்டபடி செலவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்களா, இல்ல குடும்பத்துல யாருக்காவது பைபோலார் உண்டான்றது. பைபோலார் இருக்கிறவங்களுக்கு டிப்ரெஷன் மாத்திரை மட்டும் தனியா குடுத்தா எதிர்ப்பக்கம் தூக்கிட்டுப் போயிடலாம். இன்னொண்ணு, கர்ப்பமா இருந்தாலோ அதுக்குத் திட்டம் இருந்தாலோ.

4. சைக்யாட்ரிஸ்ட்டை எப்ப பார்க்கணும்

ரெண்டு மருந்து மாத்தியும் கேக்கலைன்னா, பைபோலார் சந்தேகம் இருந்தா, தற்கொலை எண்ணம் வந்தா, க்ளோனசெபாம், அல்ப்ரஸோலாம் மாதிரி மாத்திரையில இருந்து வெளிய வரணும்னா. அது இல்லாம சட்டத்துலயே ஒரு காரணம் இருக்கு: மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் குடுக்கிற ஷெட்யூல் 5 மருந்தை 6 மாசத்துக்கு மேல எழுதணும்னா புதுச் சீட்டு குடுக்கிறதுக்கு முன்னாடி ஜிபி ஒரு சைக்யாட்ரிஸ்ட்டைக் கலந்து பேசணும். அதனால ஜிபி திடீர்னு "ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க"ன்னு சொன்னா நோய் முத்திடுச்சுன்னு பதறாதீங்க.

முதல் விசிட் 2000 ராண்டுக்கு மேல போகும், ஒரு மணி நேரம் பேசுவாங்க. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே ரிசப்ஷன்ல "மெடிக்கல் எய்ட் ரேட்டா, அதுக்கு மேலயா"ன்னு கேளுங்க, மேலன்னா வித்தியாசம் உங்க பாக்கெட்ல இருந்து. கேன்சலேஷன் லிஸ்ட்ல பேரைப் போடச் சொல்லுங்க, திடீர்னு இடம் கிடைக்கும்.

5. ஃபார்மஸி

இந்திய டாக்டர் சீட்டை இங்க ஃபார்மஸியில எடுத்துக்க மாட்டாங்க, சீட்டு இங்க பதிவான டாக்டரோடதா இருக்கணும். தெரிஞ்ச மெடிக்கல் ஷாப்காரர் அண்ணன் ஒரு அட்டை குடுப்பார்ன்ற கதையும் இங்க நடக்காது.

சீட்டுல 'ரிப்பீட்', அதாவது அதே சீட்டை வச்சு இன்னும் எத்தனை தடவை வாங்கலாம்னு டாக்டர் எழுதணும், அதிகபட்சம் 6 மாசம். ரிப்பீட் எழுதாம விட்டா ஒவ்வொரு மாசமும் திரும்ப ஜிபி ஃபீஸ், ரூமை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே சீட்டைப் படிச்சுப் பாருங்க. கிளிக்ஸ், டிஸ்கெம் மாதிரி பெரிய கடைகள்ல சீட்டைக் குடுத்து வச்சா மாசாமாசம் மெசேஜ் வரும், போய் வாங்கிக்கலாம்.

விலைக்காகக் கடை கடையா ஏறாதீங்க. மருந்தோட அடிப்படை விலை நாடு முழுக்க ஒண்ணுதான், கடைக்காரர் போடுற டிஸ்பென்சிங் ஃபீஸ்லதான் கொஞ்சம் வித்தியாசம். காசு மிச்சமாகிற இடம் ஜெனரிக். ஜெனரிக் இருந்தா ஃபார்மசிஸ்ட் அதைச் சொல்லியாகணும்னு சட்டமே இருக்கு, சரின்னு சொல்லுங்க, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். ஃபுளூஆக்ஸெட்டின், சிட்டலோப்ராம், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் எல்லாத்துக்குமே ஜெனரிக் இருக்கு, பெரும்பாலும் மாசத்துக்குச் சில நூறு ராண்டுக்குள்ள முடிஞ்சுடும். மாசாமாசம் வேற வேற கம்பெனி ஜெனரிக் மாத்தி மாத்தி வாங்காம ஒண்ணையே கேளுங்க, மாத்திரை கலர் மாறினாலே சில பேருக்குக் குழப்பம் வந்து ரெண்டு தடவை போட்டுடுவாங்க.

சைவக்காரங்க கவனத்துக்கு, கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின். மனசு ஒப்பலைன்னா மாத்திரை வடிவத்துல இருக்கிறது வேணும்னு டாக்டர்கிட்டயே சொல்லிடுங்க, வாங்கிட்டு வந்து சாப்பிடாம வைக்காதீங்க.

6. முதல் சில வாரம்

புதுசா ஆரம்பிக்கிறவங்க இங்கதான் விட்டுட்டு ஓடுறாங்க. பக்க விளைவு முதல் நாளே வரும், பலன் வர 2ல இருந்து 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய 6, 8 வாரம் கூட ஆகலாம். குமட்டல், தலைவலி, வயித்தைப் புரட்டுறது, தூக்கம் மாறுறது எல்லாம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையும், சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா குமட்டல் கொஞ்சம் மட்டுப்படும். ஆங்ஸைட்டி இருக்கிறவங்களுக்கு ஆரம்பத்துல படபடப்பு கூடுறதும் உண்டு, அதனாலதான் சின்ன டோஸ்ல தொடங்குவாங்க. தாம்பத்தியத்துல ஆர்வம் குறையறது நிறைய பேருக்கு நடக்கிறது, யாரும் வாய் திறக்க மாட்டாங்க, கமுக்கமா மாத்திரையை நிறுத்திடுவாங்க. டாக்டர்கிட்ட சொன்னா டோஸையோ மருந்தையோ மாத்துவார்.

25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம்னு எச்சரிக்கை இருக்கு. படிக்க வந்து தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்க ஒரு ஃப்ரெண்டுகிட்டயாவது சொல்லி வைங்க.

முதுகு வலின்னு போனா இங்க டிராமடால் சுலபமா எழுதிடுறாங்க. டிப்ரெஷன் மாத்திரையோட அது சேர்ந்தா மூளையில செரட்டோனின்ற ரசாயனம் அதிகமாகி ஜுரம், நடுக்கம், குழப்பம்னு ஆபத்துல விடலாம். கடையில சீட்டு இல்லாம கிடைக்கிற செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகை மாத்திரையும் அப்படித்தான். ஐபுப்ரோஃபென் அடிக்கடி போட்டா வயித்துல ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். வீக்கெண்ட் பிராய்ல (வெளியில கறி சுட்டுச் சாப்பிடுற விருந்து) பீர் நீட்டுவாங்க, அல்ப்ரஸோலாம் வகை மாத்திரை போட்டுட்டு குடிக்கவே கூடாது, காரும் ஓட்டாதீங்க. அந்த வகை மாத்திரையே 2ல இருந்து 4 வாரத்துக்குத்தான்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல போனா விடுறது கஷ்டம்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறவங்க மாத்திரையையும் சேர்த்து விரதம் வைக்காதீங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

7. மெடிக்கல் எய்ட் காசு குடுக்கணும்னா

இது எனக்கு ரொம்பத் தலைவலி குடுத்த பகுதி. எல்லா ஸ்கீமும் கட்டாயம் கட்ட வேண்டிய நோய் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு பிஎம்பி. அதுல மாசாமாசம் மருந்துக்குக் குடுக்கிற நாள்பட்ட நோய்ப் பட்டியல்ல பைபோலார் இருக்கு, டிப்ரெஷன் இல்ல. ஆனா பெரிய அளவு டிப்ரெஷனுக்கு வருஷத்துக்கு 3 வாரம் ஆஸ்பத்திரி, இல்லைன்னா 15 தடவை வரைக்கும் வெளியில பேச்சு வைத்தியம், இது கட்டாயத்துல வருது. ஆங்ஸைட்டி மட்டும்னா அதுவும் இல்ல. மாத்திரைக்கான காசு உங்க பிளானைப் பொறுத்தது, உயர்ந்த பிளான்ல கூடுதல் நோய்ப் பட்டியல்ல டிப்ரெஷனைச் சேர்த்திருப்பாங்க, மத்ததுல சேவிங்ஸ்ல (உங்க சந்தாவுலயே சின்னச் செலவுக்குன்னு ஒதுக்கி வைக்கிற பணம்) இருந்து போகும், சேவிங்ஸ் தீர்ந்தா சொந்தக் காசு.

எல்லாமே ஐசிடி 10னு ஒவ்வொரு நோய்க்கும் இருக்கிற கோடை வச்சுத்தான் நடக்குது. டிப்ரெஷன் எஃப் 32, திரும்பத் திரும்ப வந்தா எஃப் 33, ஆங்ஸைட்டி எஃப் 41. பில்லுல என்ன கோடு போட்டிருக்குன்னு ரிசப்ஷன்லயே பாருங்க. ரெண்டும் இருக்கிறவங்களுக்கு டாக்டர் அவசரத்துல ஆங்ஸைட்டி கோடு மட்டும் போட்டுட்டா 15 தடவை பேச்சு வைத்தியத்தை மறுத்துடுவாங்க. இல்லாத நோயைப் போடச் சொல்லக் கூடாது, இருக்கிறதை விடாம போடச் சொல்லலாம். அதோட ஸ்கீம்ல ஒரு அப்ளிகேஷன் ஃபார்மும் உண்டு, டாக்டர் நிரப்பி அனுப்பணும், கோடு சரியா இருந்தும் அந்த ஃபார்ம் போகாததால என் கிளெய்ம் திரும்பி வந்தது, போன்ல கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொன்னாங்க. எப்பவும் மெயில்ல கேளுங்க, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க. நியாயமில்லாம மறுத்தா கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ்ல காசில்லாம புகார் குடுக்கலாம், ஸ்கீமுக்குப் பதில் சொல்ல 30 நாள் டைம்.

8. மெடிக்கல் எய்ட் இல்லாதவங்க

அரசு கிளினிக். ஆரம்ப வைத்தியமும் மருந்தும் இலவசம். அங்க ஃபுளூஆக்ஸெட்டின், சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின் மாதிரி சில மருந்துதான் இருக்கும், உங்க ஊர் மருந்து அதுல இல்லைன்னா மாத்துவாங்க. விடியறதுக்கு முன்னாடியே வரிசை ஆரம்பிச்சுடும், மனநல நர்ஸ் எந்த நாள் வருவாங்கன்னு முதல்லயே கேட்டு வைங்க. பாஸ்போர்ட், பர்மிட், வீட்டு அட்ரஸ் ப்ரூஃப், சாப்பாடு, தண்ணி எடுத்துட்டுப் போங்க. நிலையாயிட்டா பக்கத்து ஃபார்மஸி மாதிரி பிக்அப் பாயின்ட்ல வாங்குற வசதி இருக்கு, கேட்டாத்தான் சொல்லுவாங்க. 2025ல டர்பன்ல சில கிளினிக், ஆஸ்பத்திரி வாசல்ல வெளிநாட்டுக்காரங்களை மறிச்ச சம்பவம் நடந்தது, அந்த மாதிரி நாள்ல சண்டைக்கு நிக்காம திரும்பி வந்து ஜிபிகிட்ட ஒரு மாசச் சீட்டு வாங்கிக்கோங்க.

9. ஆபீஸ் லீவு

5 நாள் வேலைக்காரங்களுக்கு 36 மாசத்துக்கு 30 நாள் சிக் லீவு, சேர்ந்த முதல் 6 மாசம் மட்டும் 26 வேலை நாளுக்கு ஒரு நாள். தொடர்ந்து 2 நாளுக்கு மேல போனா சர்ட்டிஃபிகேட் கேக்கலாம். அதுல நோய்ப் பேர் போடணும்னு கட்டாயம் இல்ல, 'மெடிக்கல் கண்டிஷன்'னு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்க.

10. டிசம்பர், ஊர்ப் பயணம், நிறுத்துறது

டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் இந்த ஊரே பூட்டிடும், சைக்யாட்ரிஸ்ட் ரூம்ல ஆன்சரிங் மெஷின்தான் பேசும். உங்க 6 மாசச் சீட்டு அந்த நேரத்துல முடியுதான்னு அக்டோபர்லயே பாருங்க, முடியுதுன்னா நவம்பர்ல புதுப்பிச்சுடுங்க. ஊருக்குப் போறீங்கன்னா, ஸ்கீம் மாசம் முடியறதுக்கு முன்னாடி அடுத்த அட்டைக்குக் காசு குடுக்காது, பயண டிக்கெட்டைக் காட்டி முன்கூட்டியே அனுமதி வாங்கணும், ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிங்க. திரும்பி வரும்போது அதே ஒரு மாசக் கணக்கு, அதே லெட்டர்.

நல்லா ஆயிட்டேனேன்னு நீங்களா நிறுத்தாதீங்க. குணமான பிறகும் குறைஞ்சது 6ல இருந்து 12 மாசம் தொடரச் சொல்வாங்க, பல தடவை திரும்பி வந்தவங்களுக்கு இன்னும் நீளும். சட்டுன்னு விட்டா தலை சுத்தல், எரிச்சல், மூளைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி உணர்வு வரும், வென்லாஃபாக்ஸினும் பராக்ஸெட்டினும் இதுல மோசம், ஃபுளூஆக்ஸெட்டின் உடம்புல இருந்து மெதுவா வெளியேறுறதால கொஞ்சம் சாந்தம். குறைக்கிறதுக்கும் சீட்டு வேணும், ஏன்னா சின்ன டோஸ் மாத்திரை தனி. எந்த வாரம் எவ்வளவுன்னு டாக்டரை ஒரு பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க, நீண்ட நேரம் கரையுற கேப்ஸ்யூலைப் பிரிச்சுப் பாதியாக்க முயற்சி பண்ணாதீங்க, குறைச்சு முடிச்ச பிறகு ஒரு மாசம் கழிச்சு ஒரு அப்பாயின்ட்மென்ட்டை அன்னிக்கே போட்டுட்டு வாங்க.